இரண்டு அறைகளில் ஒரே கணக்கு

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை ஒரே ஒரு தடவை தாண்டுவதற்குள் முக்கால்வாசிப் பேருக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. கணக்கம்மா அதை முப்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பாஸாகாமல் அல்ல. அதுதான் அவள் வேலை.

மாணவர்களுக்குப் பயிற்சிக் கணக்குப் புத்தகம் போடும் அச்சகம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. புத்தகத்தின் கடைசியில் வரும் விடைப் பக்கங்கள்தான் அதற்கு உயிர். கணக்கைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் புரட்டும் பிள்ளை, தன் விடையும் அச்சிட்ட விடையும் வேறாக இருந்தால் அச்சைத்தான் நம்பும், தன்னை நம்பாது. சரியாகப் போட்டதை அடித்துவிட்டு, அச்சில் இருக்கும் தப்பு வரும்வரை வழியை வளைக்கும், நெளிக்கும். அப்படிப் பழகிய பிள்ளை பரீட்சையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒவ்வொரு விடையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுப் பார்த்த பிறகுதான் அச்சேற்றுவது என்று முதலாளி சட்டம் வைத்திருந்தார். அந்த இரண்டு பேர் கணக்கம்மாவும் அவள் வீட்டுக்காரரும்.

தெருவில் அவர்களைக் கணக்கு சார், கணக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. அதே அச்சகத்தில் எதிரெதிர் மேசையில் பிழைதிருத்தப் போய், அங்கேயே பழகி, கல்யாணம் பண்ணிக்கொண்டு, வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டவர்கள்.

வாசல் அறை அவளுக்கு, பின் அறை அவருக்கு. இரண்டு வாரத்துக்கு ஓர் அத்தியாயமாக அச்சுப் படிகள் இரண்டு வரும், ஆளுக்கு ஒன்று. காலை ஒன்பது மணிக்கு நடுக் கதவைச் சாத்தினால் சாயந்திரம் ஐந்துக்குத்தான் திறக்கும். இடையில் உப்பு எங்கே என்று கேட்கலாம், மின்சாரக்காரன் வந்தானா என்று கேட்கலாம். பன்னிரண்டாவது கணக்கு உனக்கு என்ன வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. ஒருவருடைய தப்பு இன்னொருவரைத் தொற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தானே இரண்டு பேர்.

ஐந்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, புத்தக ஆசிரியர் அனுப்பிய விடை உறையைப் பிரிப்பார்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரு சரி. இவர்கள் இருவருக்குள் வேறுபட்டால் இரண்டு பேரும் மறுபடி போட வேண்டும். இவர்கள் இருவரும் ஒன்று சொல்லி ஆசிரியர் வேறு சொன்னால், அவர் எப்பேர்ப்பட்ட பேராசிரியராக இருந்தாலும் சிவப்பு மையில் ஒரு வெட்டு. அந்த ஐந்து மணிச் சண்டை தெருவுக்கே தெரியும். அதைக் கேட்டே வளர்ந்த ஒரே மகள், கணக்கே இல்லாத படிப்பாகத் தேடிப் பிடித்து, மாட்டு வைத்தியராகி வெளியூருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இந்தப் புத்தகத்தில் மட்டும் சண்டை குறைந்திருந்தது. ஆறாவது அத்தியாயம்வரை வழக்கம்போல் மல்லுக்கட்டினார்கள். ஏழிலிருந்து, ஏறக்குறைய பத்து வாரமாக, எல்லாம் ஒத்துப்போயிற்று. கணக்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்கு இப்பல்லாம் தப்பே வரதில்லடி" என்று மகளிடம் தொலைபேசியில் பீற்றிக்கொண்டாள். ஐம்பத்தாறு வயதில் கை இப்படித் தேறும் என்று அவளே நினைக்கவில்லை.

கடைசியான பதினோராவது அத்தியாயம் நிகழ்தகவு. வியாழக்கிழமை மத்தியானம் விடைப் பக்கங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். செவ்வாய் சாயந்திரம் மேசையில் உட்கார்ந்தார்கள். ஒரு பையில் இத்தனை சிவப்புப் பந்துகள், நான்கு கறுப்புப் பந்துகள், இரண்டை எடுத்தால் இரண்டும் சிவப்பாக இருப்பதற்கு என்ன வாய்ப்பு என்று ஒரு கணக்கு.

"பதினாலு பை முப்பத்துமூணு" என்றாள்.

"அதேதான்" என்றார்.

ஆசிரியர் விடை ஒன்று பை ஏழு என்று இருந்தது. சிவப்பு மையை எடுத்து வெட்டினாள். வெட்டினால் கேள்வியையும் குறிப்பில் எழுதி அனுப்ப வேண்டும். அவள் படி வாசல் அறையில் இருந்தது. அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்ததால், மேசையில் கிடந்த அவருடைய படியைப் பார்த்து எழுதினாள். மூன்று சிவப்புப் பந்துகள் என்று எழுதியபோது கை நின்றது.

அவள் போட்டது எட்டுக்கு. எழுந்து போய்த் தன் படியைப் பார்த்தாள். அச்சு இயந்திரத்தின் மைப்பொடி ஒன்று மூன்றின் வாயை அடைத்து, அதை எட்டாக்கியிருந்தது. நகத்தால் சுரண்டினாள், எட்டு மறுபடி மூன்றாயிற்று. எட்டு என்றால்தான் பதினாலு பை முப்பத்துமூன்று. மூன்று என்றால் ஒன்று பை ஏழு, ஆசிரியர் சொன்னதே சரி.

தன் தப்பு அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் அவர் படியில் பளிச்சென்று மூன்று இருக்கிறதே, அவருக்கு எப்படி அதே விடை வந்தது? அந்த விடை இந்த வீட்டில் ஓரிடத்தில்தான் இருந்தது, அவளுடைய கணக்கு நோட்டில்.

அவர் செம்போடு திரும்பி வந்தார். "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, பேனா எழுதல" என்றாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் கணக்கு விஷயத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய் அதுதான்.

கோபம் வந்தது, சந்தேகமில்லை. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. பத்து வாரமாகத் தப்பே இல்லாமல் போட்டது அவள் கை அல்ல. அவள் என்ன எழுதினாலும் ஆமாம் போட ஓர் ஆள் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏழிலிருந்து பதினொன்றுவரை இருநூற்றுப் பன்னிரண்டு கணக்குகள் ஒரே ஒருத்தி போட்டவை. அதில் எத்தனை தப்போ யார் கண்டது? அவளே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாலும் பயனில்லை. ஒரே ஆள் இரண்டு தடவை போட்டால் ஒரே தப்பு இரண்டு தடவை வரும், அது அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். முதலாளியிடம் சொன்னால் வீட்டுக்காரர் பிழைப்பு போச்சு. சொல்லாவிட்டால் லட்சம் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் புரட்டும்.

இருந்தும் மனசு கேட்கவில்லை. ஒருவேளை ஏதோ ஒரு நாள், உடம்பு சரியில்லாமல், ஒரே ஒரு கணக்கை எட்டிப் பார்த்திருப்பாரோ? புதன்கிழமை காலையில் ஒரு காரியம் செய்தாள். ஒரு நாணயத்தை ஐந்து முறை சுண்டினால் சரியாக இரண்டு முறை தலை விழ என்ன வாய்ப்பு என்று ஒரு கணக்கு. விடை ஐந்து பை பதினாறு. அவள் நோட்டில் ஐந்து பை பதினெட்டு என்று பெரிதாக எழுதிக் கட்டம் போட்டாள். நோட்டை மேசையில் விரித்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஊற்றிக்கொள்ளாமல் நின்றாள். நடுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. இவ்வளவு நேரமா ஒரு விடையைப் பார்த்து எழுத என்று நினைத்தாள். ஜன்னல் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம், மறுபடி அமைதி, மறுபடி கதவு. அவள் அன்று குளிக்கவே இல்லை. தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்றைக்கு ஐந்து மணி வருவதற்குள் ஒரு யுகம் ஆயிற்று. அவர் எதிரே உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. சொல்லலாமா என்று நினைத்து விட்டுவிட்டாள். முதல் ஐந்து கணக்குகளும் ஒத்துப்போயின. ஆறாவது நாணயம்.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

"அஞ்சு பை பதினெட்டு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அவரும் தாளைக் கீழே வைத்தார்.

"அஞ்சு தடவை சுண்டுற காசுக்குக் கீழே பதினெட்டு எப்படி வரும்? முப்பத்திரண்டை எப்படி வகுத்தாலும் பதினெட்டு வராதே" என்று அவரே கேட்டார். "வேணும்னுதானே எழுதி வெச்சே?"

"ஆமா."

"எப்ப தெரிஞ்சுது?"

"நேத்து. பந்துக் கணக்குல." அவள் குரல் உயர்ந்தது. "தப்புன்னு தெரிஞ்சும் ஏங்க அதையே வாசிச்சீங்க?"

"வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பத்து வாரமா வாயைத் திறக்கப் பாக்கறேன், வரல. காலையில அந்தப் பதினெட்டைப் பாத்ததும், சரி, இதோட முடிச்சுக்கலாம்னு தோணுச்சு."

கண்தான் காரணம். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு புகை, ஓரம் மட்டும் தெளிவு. சொற்களை ஜன்னலருகே லென்ஸ் வைத்து எப்படியோ கூட்டிப் படித்துவிடுவார். எண்கள் நெளிந்தன. மூன்றும் ஆறும் எட்டும் அவருக்கு ஒரே பூச்சி. எக்ஸுக்கு மேலே குட்டியாக நிற்கும் அடுக்கு சுத்தமாகத் தெரியவில்லை. மருத்துவரிடம் தனியாகப் போய்க் காட்டியிருக்கிறார். கண்ணாடி மாற்றிச் சரியாகிற விஷயமில்லை, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் பெரிய கையெழுத்தில் கட்டம் போட்டு எழுதும் விடைகள் மட்டும் கொஞ்சம் பிடிபட்டன.

கணக்கம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "என்கிட்ட சொல்லியிருந்தா நான் வாசிச்சுக் காட்டியிருக்க மாட்டேனா? நீங்க மனசுலயே போட்டிருப்பீங்களே!"

"நீ வாசிச்சா, நீ எட்டுன்னு பாத்ததை நானும் எட்டுன்னுதான் கேப்பேன். அப்புறம் ரெண்டு பேர் எதுக்கு?"

"காப்பியடிச்சா மட்டும் ரெண்டு பேரா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என்னை வீட்டுல உக்கார வெச்சுடுவாங்கன்னு பயந்துட்டேன்" என்றார். அவரே தடவித் தடவிப் போய்த் தொலைபேசியை எடுத்தார். அவள் தடுக்கப் போனாள். அவர் விடவில்லை.

"முதலாளி, ஏழாவது அத்தியாயத்துலேர்ந்து ரெண்டு பேர் போடல. ஒருத்திதான் போட்டிருக்கா. நான் பாத்து எழுதினேன். கண்ணு போயிடுச்சு, அதை மறைச்சுட்டேன். தப்பு என்னுது, அவளுக்கு நேத்துவரைக்கும் தெரியாது."

முதலாளி கத்துகிற மனுஷர் அல்ல. கடைசியில் சனிக்கிழமை மத்தியானம்வரை நேரம் கொடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டையும் வேறொரு கண் பார்த்து, வேறொரு தலை போட வேண்டும். போடுகிற தலை கணக்கு சாருடையது, பார்க்கிற கண்ணுக்கு அவரே வழி செய்துகொள்ள வேண்டும். "இந்தப் புத்தகத்தை முடிச்சுக் குடுங்க சார். அடுத்ததுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வேறொரு கண்ணாகப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்தாள். அவளுடைய மெஷினில் பெல்ட் அறுந்து, புது பெல்ட் வர இரண்டு நாள் ஆகும் என்று சும்மா இருந்தாள். எட்டாவதோடு படிப்பை மூட்டை கட்டியவள். "எனக்கு ஒரு மண்ணும் புரியாதே" என்றாள்.

"அதான் வேணும்" என்றார் அவர். "புரிஞ்சா நீங்களா எதையாவது நினைச்சுப் படிப்பீங்க. கண்ணுல படறதை மட்டும் சொல்லுங்க."

வியாழன் காலை ஒன்பதுக்கு நடுக் கதவு சாத்தப்பட்டது. கணக்கம்மா இந்தப் பக்கம் பழைய நோட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து, தையல்காரம்மா ஒரு தொகையீட்டுக் கணக்கை வாசிக்கும் குரல் வந்தது.

"நீட்டிவிட்ட கொக்கி ஒண்ணு. கொக்கி காலுல சைபர், தலையில ரெண்டு. அப்புறம் எக்ஸு, அதும் தோள்மேல குட்டியா ஒரு மூணு. அதைத் தள்ளி டி, எக்ஸு. முடிஞ்சுது சார், இது எந்த ஊர் பாஷை?"

"நாலு" என்றார் அவர். "விடை நாலு. எழுதுங்க."

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை ஜோடனை?"

அவர் நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் தடித்த பேனாவால், ஒரு சாண் உயர எழுத்தில், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கணக்குக்கு இரண்டு தாள் போயிற்று. முதல் நாள் எழுபது கணக்குதான் முடிந்தது. அந்தக் கணக்கில் போனால் சனிக்கிழமை மத்தியானம் ஆகாது. தாள் தீர்ந்து தெருவில் ஏழெட்டு வீடுகளில் பழைய நாட்காட்டி கேட்டு வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை பாதிக்கு மேல் எழுதுவதையே விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மனசிலேயே போட ஆரம்பித்தார். வேகம் கூடியது. அவள் கதவுக்கு இந்தப் பக்கம் கைகளைப் பிசைந்துகொண்டு நடந்தாள். கேட்கக் கூடாது, உதவக் கூடாது. தன் வேலையில் இவ்வளவு கொடுமையான பகுதி ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

சனிக்கிழமை பத்தரைக்குக் கதவு திறந்தது. மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை தையல்காரம்மா அவர் சொன்ன விடைகளை வாசித்தாள், கணக்கம்மா தன்னுடையதைப் பார்த்தாள். ஒத்தது, ஒத்தது, ஒத்தது. எட்டாவது அத்தியாயத்தில் ஒரு குறி மாறியிருந்தது. அது அவளுடைய தப்பு, பார்த்ததும் ஒத்துக்கொண்டாள். பதினொன்றில் இருக்கும் பந்துக் கணக்குத் தப்பு ஏற்கெனவே தெரிந்தது. ஒன்பதில் முப்பத்தோராவது கணக்கு வந்தபோது மணி பதினொன்றே கால்.

"ரெண்டு" என்றாள் தையல்காரம்மா.

"சைபர்" என்றாள் கணக்கம்மா. "சைபரிலிருந்து π வரைக்கும் காஸ் எக்ஸ். மேல பாதி, கீழ பாதி, அடிச்சுக்கிட்டுப் போயிடும். ஆயிரம் தடவை போட்டிருக்கேன். சைபர்தான்."

"ரெண்டு" என்றார் அவர்.

"என்னங்க நீங்க, இதுகூடவா!" அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது. கண்ணோடு சேர்ந்து கணக்கும் போய்விட்டதோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். அப்படி நினைத்ததற்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

"அம்மா, அந்தக் கேள்வியை இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார் அவர் தையல்காரம்மாவிடம்.

அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். "கொக்கி. காலுல சைபர், தலையில ரெண்டு கால் ஸ்டூல். அப்புறம் ஒரு மதில். மதிலுக்கு உள்ள சி, ஓ, எஸ், எக்ஸ். அந்தப் பக்கம் இன்னொரு மதில்."

"மதிலா?"

"நேரா நிக்குதே ரெண்டு கோடு, மதில் மாதிரி."

கணக்கம்மா தன் படியை இழுத்துப் பார்த்தாள். இரண்டு செங்குத்துக் கோடுகள். கீழே போனதையும் மேலே திருப்பிக் கூட்டு என்று சொல்லும் மட்டுக் குறி. ஒன்றும் ஒன்றும் இரண்டு. மைப்பொடி இல்லை, மங்கல் இல்லை, பளபளவென்று இருந்தன. கண் வாசித்து முடிப்பதற்குள் ஆயிரம் தடவை பழகிய கை சைபரை எழுதிவிட்டிருந்தது. ஆசிரியரும் இரண்டு என்றுதான் சொல்லியிருந்தார். அந்த இரண்டின்மேல் சிவப்பு மையில் ஒரு வெட்டு இருந்தது. அது அவள் வெட்டியது.

அவள் அந்த வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாக மாறிய மூன்றுக்கு ஒரு சாக்கு இருந்தது, இதற்கு எந்தச் சாக்கும் இல்லை. இரண்டு என்று சரியாகப் போட்டுவிட்டு, பின்பக்கம் புரட்டி, சைபரைப் பார்த்து, தனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்று மதில்களை அடித்துவிடும் ஏதோ ஒரு பிள்ளை அவள் கண்ணில் வந்து நின்றது.

"அடுத்தது போலாமா? நேரம் ஆகுது" என்றார் அவர். அவர் குரலில் ஜெயித்த மிடுக்கு ஒரு பொட்டுகூட இல்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முடிந்தது. மொத்தம் மூன்று தப்பு, மூன்றும் அவளுடையவை. அவர் போட்டதில் தப்பு ஒன்றுகூட இல்லை. கணக்கம்மா முதலாளியைக் கூப்பிட்டாள்.

"முதலாளி, முடிஞ்சுது. மூணு தப்பு இருந்துச்சு. மூணும் நான் பண்ணினது, ரெண்டு கண்ணும் நல்லா இருக்கறப்ப பண்ணினது. அதுல ரெண்டைக் கண்டுபிடிச்சது அவரு. அவரு மறைச்சது பெரிய தப்புதான், நான் பூசி மெழுகல. ஆனா அடுத்த புத்தகத்துக்கு ஆள் மாத்தணும்னா என்னை மாத்துங்க."

"என்ன பேசறே நீ?" என்று அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். தையல்காரம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அச்சகத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"அந்த மூணும் என்ன தப்பு?" என்றார் முதலாளி கடைசியில்.

சொன்னாள். மதில் வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"மட்டுக் குறியை நீங்க விட்டீங்களா? நீங்களா?" என்றார் முதலாளி. "வாசிச்சது யாரு?"

"பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா."

"அவங்களுக்குக் கணக்கு தெரியுமா?"

"சுத்தமாத் தெரியாது."

முதலாளி மூச்சு விடும் சத்தம் கேட்டது. "விடைப் பக்கத்தை இப்பவே குடுத்தனுப்புங்க, மெஷின் காத்துக்கிட்டிருக்கு. அடுத்த புத்தகத்தோட முதல் அத்தியாயம் திங்கட்கிழமை வரும். படி எப்பவும்போல ரெண்டுதான். சாரோட படியில எழுத்தைப் பெருசாப் போடச் சொல்றேன். ஆனா அந்த அம்மா கண்டிப்பா கூட உக்காரணும், அவங்களுக்குத் தனியாக் கூலி உண்டு. ஒண்ணு சொல்லிடுங்க அவங்ககிட்ட. தயவுசெஞ்சு கணக்கு மட்டும் கத்துக்க வேண்டாம்."